கடல் விலகிய சொற்கள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திற்குச் சற்று மேற்கே கொற்கை என்னும் சிற்றூர் இருக்கின்றது. சங்கப் புலவர்கள் முத்துக்காகப் போற்றிய பாண்டியரின் துறைமுகம் அதுவே. இன்று அவ்வூருக்குச் செல்வோர் கடலைக் காணார். வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையுமே காண்பர். பொதிகையிலிருந்து இறங்கிவரும் ஆறு நூற்றாண்டுக் கணக்கில் சுமந்துவந்த வண்டலால் நிலம் வளர்ந்தது. கடல் சில கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிப் போயிற்று. கொற்கைக்குப் பின் காயல் துறைமுகமாயிற்று. அதுவும் பழைய காயலாகிப் பின்தங்கவே புன்னைக்காயல் எழுந்தது. ஆயினும் கொற்கை என்ற பெயர் மட்டும் மாறவில்லை. பழைய ஏட்டைப் படித்துவிட்டு அப்பெயரை நம்பி அங்கே கப்பலைத் தேடுகிறவன் ஏமாந்தே திரும்புவான்.

சொற்களுக்கும் இவ்வாறே நேர்கின்றது. முற்றும் வழக்கொழிந்த சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. 'பிரியதத்தம்' என்று ஒருவர் சொன்னால், இளையோர் உடனே நின்று, "அதற்கு என்ன பொருள்?" என்று கேட்பர், 'அருள்' என்று நாம் சொல்லிவிடலாம். நாள்தோறும் நாம் வழங்கும் சொல்லின் முகத்தோடு வருகின்ற பழைய சொல்லே ஏமாற்றுகின்றது. முகம் தெரிந்திருப்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை. கேளாததால் பிழை நேர்ந்ததென்றும் அறிவதில்லை. வள்ளுவர் மலர்மொட்டுக்குள் இருப்பதாகக் கூறிய 'நாற்றம்' நறுமணம். இன்று அதே சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் சண்டை மூளும்.

இதனைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் இறைவனோடு பேசும் சொற்களிலும், மனிதரை அழைக்கும் சொற்களிலும் இது நேரும்போது அது வெறும் இலக்கணச் செய்தியாக நின்றுவிடுவதில்லை, அறநெறிக் கேள்வியாகின்றது. சொல் நிற்கப் பொருள் விலகுமாயின், நாம் கடமைப்பட்டிருப்பது சொல்லுக்கா, பொருளுக்கா, அச்சொல்லை நமக்குத் தந்துசென்ற மனிதருக்கா?

ஆங்கிலம் தரும் பாடம்

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்றோர், 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பர். அதனை இன்றைய ஆங்கிலத்தைக் கொண்டு படிப்பவர் பல இடங்களில் வழி தவறுவார். 'லெட்' என்னும் சிறு சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அதற்கு 'விடு, அனுமதி' என்பது பொருள். ஆனால் பவுலடியார் உரோமையரிடம் வர விரும்பியும் அதுவரை தடுக்கப்பட்டதாகக் கூறும் இடத்தில், தடுத்தலைக் குறிக்க அம்மொழிபெயர்ப்பு வழங்குவது இதே 'லெட்' என்னும் சொல்லைத்தான். தடுக்கப்பட்டவர் அனுமதிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார்! பழைய ஆங்கிலத்தில் விடுதலுக்கு ஒரு சொல்லும் தடுத்தலுக்கு வேறொரு சொல்லுமாக இருந்தன. ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவாயின. பின்னர்த் தடுத்தற் பொருள் வழக்கிழந்தது. டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையைத் தொட்டு விழும்போது கூவும் 'லெட்' என்னும் குரலிலும், சில சட்டத் தொடர்களிலும் மட்டுமே அது எஞ்சி நிற்கின்றது.

'பிரிவென்ட்' என்றால் இன்று தடுத்தல். தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகத்தில் அதற்கு 'முந்திச் செல்லுதல்' என்று பொருள். 'சஃபர்' என்றால் இன்று துன்புறுதல். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு ஆண்டவர் கூறும் இடத்தில் அதற்கு 'இடங்கொடுத்தல்' என்று பொருள். இங்கே நூலிலும் பிழையில்லை. வாசகரும் அறிவிலி அல்லர். இருவருக்கும் இடையே நானூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஓட்டம் எழுத்தின்மேல் எந்த அடையாளத்தையும் வைக்கவில்லை.

நம் செபங்களின் சொற்கள்

இப்போது நம் வீட்டிற்கு வருவோம். நம் முன்னோர் இறைவனுடைய பத்துக் கட்டளைகளைப் 'பத்துக் கற்பனைகள்' என்றே மனப்பாடம் செய்தனர். அக்காலத்தில் கற்பித்தல் என்னும் வினை போதித்தல், கட்டளையிடுதல், மனத்தால் உருவாக்குதல் ஆகிய பொருள்களைச் சேர்த்தே தாங்கியிருந்தது. அவற்றுள் முதலிரண்டையும் 'கற்பனை' என்ற பெயர்ச்சொல் இழந்துவிட்டது. கவிஞரின் கற்பனையை மட்டுமே அறிந்த இன்றைய மாணவர், கடவுளின் கற்பனைகள் என்று கேட்டால் என்ன நினைப்பார்? உள்ளதல்லாத ஒன்றை மனம் புனைந்தது என்றன்றோ நினைப்பார்? கட்டளைகளை யாரோ புனைந்த கற்பனைகளாகவே எண்ணி வாழ்கின்ற காலத்திற்கு இச்சொல் பொருத்தமாகத்தான் மாறியிருக்கின்றது என்று கசப்போடு சொல்லத் தோன்றுகின்றது.

'மந்திரம்' என்பதும் அத்தகையதே. பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் என்று சொல்லியே மூத்தோர் செபித்தனர். இன்று மந்திரம் என்றால் இளையோர் மனத்தில் எழுவது மாயமும் தந்திரமுமே. 'தம்பிரான்' என்பதை நோக்குவோம். அண்டிரிக் அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட நூல் 'தம்பிரான் வணக்கம்'. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அங்கே தம்பிரான் என்பது அனைத்திற்கும் ஆண்டவரான கடவுளைக் குறிக்கின்றது. இன்று அச்சொல்லைக் கேட்போர் சைவ மடங்களின் துறவியரையே நினைப்பர்.

இவற்றினும் நுட்பமானது 'நம்பிக்கை'. பழைய மறைக்கல்வி மூன்று இறையியற் புண்ணியங்களை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று வரிசைப்படுத்தியது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதே மூன்றையும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கின்றது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். முன்னர் இரண்டாம் புண்ணியத்தைக் குறித்த சொல் இப்போது முதற் புண்ணியத்தைக் குறிக்கின்றது. ஆலயத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து ஆச்சியும் பேரனும் 'நம்பிக்கை' என்கின்றனர். ஆச்சி சொல்வது இனி வரப்போகும் நன்மையைக் காத்திருக்கும் புண்ணியத்தை. பேரன் சொல்வது இறைவன் வெளிப்படுத்தியதை ஏற்கும் புண்ணியத்தை. சொல் ஒன்று, புண்ணியம் இரண்டு. இருவரும் இதனை அறியார். விசுவாசம் என்னும் பழைய சொல்லோ, ஊர் வழக்கில் நாய்க்கும் கட்சித் தொண்டருக்கும் உரியதாய்ப் போயிற்று.

சவேரியார் செய்த திருத்தம்

இக்கடற்கரையில் திருமறையைப் போதித்த புனித சவேரியாருக்கே இத்தொல்லை நேர்ந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், போர்த்துக்கீசியமும் தமிழும் ஓரளவு அறிந்தவர்களைக் கொண்டு முதன்மையான செபங்களைத் தமிழில் ஆக்கினார். விசுவாச அறிக்கையில் 'ஏற்றுக்கொள்கிறேன், விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் அவர்கள் தந்த சொல் 'எனக்கு வேணும்' என்பது. பின்னர் உண்மையை அறிந்த சவேரியார், உடன் உழைத்த மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்பது விரும்புதலைக் குறிப்பதால் அதனை விடுத்து விசுவாசம் என்ற பொருள் தரும் சொல்லை வழங்குமாறு பணித்தார். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய பகுதியில் கட்டாயத்தினால் என்று பொருள்படும் சொல்லையும் நீக்கச் சொன்னார். ஆண்டவர் தம் விருப்பத்தினாலேயே பாடுபட்டார் என்பது அவர் காட்டிய காரணம்.

இதைப் படிக்கும்போது, பாமர மக்களின் மொழிபெயர்ப்பு என்று புன்னகை செய்யத் தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்துத் தொல்காப்பியத்தைத் திறந்து பார்ப்போம். உரியியலில் 'நம்பு' என்னும் சொல்லுக்கு அவ்வாசிரியர் கூறும் பொருள் நசை என்பது. நசை என்றால் விருப்பம்! நாம் இன்று விசுவாசத்திற்கு ஈடாக வழங்கும் நம்பிக்கை என்ற சொல், தொடக்கத்தில் 'வேண்டும் வேண்டும்' என்று இதயம் ஏங்குவதையே குறித்தது. ஆங்கிலத்தில் நம்புதலைக் குறிக்கும் 'பிலீவ்' என்னும் சொல்லும், அன்புக்குரியது என்று பொருள்படும் பழைய சொல்லோடு வேரால் தொடர்புடையது. இலத்தீனின் 'கிரேதோ', வடமொழியின் 'சிரத்தா' ஆகிய இரண்டும் இதயத்தை ஒன்றின்மேல் வைத்தல் என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பர் மொழிநூலார். அந்தச் சிரத்தா நம்மிடம் சிரத்தையாகிக் கவனம் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆதலின் சவேரியாரின் திருத்தம் பிழையா? அன்று. கடவுளை விரும்புவதாகச் சொல்வதும், கடவுள்மேல் விசுவாசம் கொள்வதாக அறிக்கையிடுவதும் ஒன்றல்ல. அக்காலத்து மக்களின் செவியில் 'வேணும்' என்பதற்கு விருப்பம் மட்டுமே பொருளாக இருந்தது. ஆகவே அவர் திருத்தியது சரியே. ஆனாலும் விருப்பமே இல்லாத விசுவாசம் எத்தகையது என்ற கேள்வியை அந்தப் பெயரறியாத மொழிபெயர்ப்பாளர்கள் நமக்கு விட்டுச்சென்றனர். பிழை என்று நாம் தள்ளும் பழஞ்சொல்லிலும் நாம் மறந்துபோன உண்மையொன்று தங்கியிருக்கலாம். எனவே, தள்ளுமுன் வினவ வேண்டும்.

சொற்களைக் கெடுப்பது யார்?

ஆற்று வண்டலைப் போலச் சொற்களின் மாற்றமும் இயற்கையாகவே நேர்கின்றது எனலாம். பெரும்பாலும் அவ்வாறே. ஆனால் எல்லா மாற்றமும் அவ்வாறன்று. 'சேரி' என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் கம்மாளர் வாழ்ந்த பகுதி கம்மாணசேரி எனப்படுகின்றது. ஒரு பகுதி மக்களை ஊருக்கு வெளியே தள்ளிய பின்னரே அச்சொல் தாழ்ந்தது. சொல் தானாகக் கீழே விழவில்லை. அங்கே வாழ்ந்த மனிதரை நாம் கீழே தள்ளினோம், சொல் அவர்களோடு விழுந்தது. ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. நம் திரைப்படங்களின் 'வில்லன்' யார்? பண்ணை நிலத்தில் உழைத்த ஏழைக் குடியானவரைக் குறித்த சொல் அது. மேலோர் தம் வாயில் அதனைக் கயவன் என்றாக்கினர். ஏழையைப் பற்றிய செல்வரின் கருத்து அகராதியில் ஏறிவிட்டது.

'தருமம்' என்பது அறம் முழுவதையும் குறித்த சொல். இன்று கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் கையேந்துவோரின் குரலில் அது சில்லறைக் காசாகக் குறுகிவிட்டது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பவுலடியார் அனைத்திலும் மேலானதாகப் போற்றும் அன்புக்கு வழங்கிய 'சேரிட்டி' என்னும் சொல்லும் அவ்வாறே நன்கொடை என்றாகிவிட்டது. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் சென்றது ஏன்? முழு அன்பையும் முழு அறத்தையும் தர இயலாத நாம், ஒரு நாணயத்தைத் தந்துவிட்டு அதற்கே அப்பெயரைச் சூட்டிக்கொண்டோம் என்பதன்றி வேறென்ன சொல்வது?

நம் திருச்சபையின் பெயருக்கே இது நேர்ந்ததுண்டு. கத்தோலிக்கம் என்றால் பொதுவானது, அனைவரையும் தழுவியது. நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுப்பப்பட்ட ஆலயத்தில், சாதியின் பெயரால் மக்களைப் பிரிக்க நடுவே தடுப்பு நின்றது. அதன் இருபுறமும் நின்ற மக்கள் ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்லி, கத்தோலிக்கத் திருச்சபையை விசுவசிப்பதாக ஒரே குரலில் அறிக்கையிட்டனர். ஓரெழுத்தும் மாறவில்லை, உச்சரிப்பிலும் பிழையில்லை. ஆனால் அச்சொல்லிலிருந்து கடல் விலகிப்போயிருந்தது. 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதனை மீண்டும் எழுப்ப வேண்டித் தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தச் சுவரை இடித்தவர்கள் ஒரு சொல்லுக்கு அதன் பொருளைத் திருப்பித் தந்தனர் என்றால் மிகையாகாது. கல்லறைகளிலும் திருவிழாக்களிலும் திருமணப் பேச்சுகளிலும் இன்னும் நிற்கும் சுவர்களை எண்ணும்போது, அப்பொருள் முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்ததுண்டு. உரோமையரின் ஆட்சியில் சிலுவை என்பது நாகரிகமுள்ளோர் நாவால் சொல்லக் கூசிய சொல். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனைக் கருவி. அதில் ஒருவர் நம்பொருட்டு விரும்பி இறந்தார். அச்சொல் மகிமையடைந்தது. இலக்கணப் புலவர் எவரும் அதன் பொருளை மாற்றவில்லை. அதைச் சுமந்தவரே மாற்றினார். சொல்லின் பொருள் அதைச் சுமப்பவரின் வாழ்வால் தாழவும் உயரவும் செய்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்யத் தக்கது

மரணப் படுக்கையில் இருக்கும் மூத்தோர் பழைய மந்திரங்களையே முணுமுணுப்பதை நம் பங்குகளில் அடிக்கடி காண்கிறோம். அருகிலிருக்கும் பிள்ளைகள் சிலவேளை, "ஆச்சி, இப்போ அப்படிச் சொல்லக்கூடாது" என்று திருத்துகின்றனர். ஆச்சி மௌனமாகிவிடுகின்றார். அறுபது எழுபது ஆண்டுகளாகத் தம்மைத் தாங்கிய சொற்கள் தவறானவையோ என்னும் ஐயத்தோடு ஓர் ஆன்மா தன் இறுதி நாழிகைகளைக் கழிக்க நேர்கின்றது. இது சிறிய தீங்கன்று.

விசுவசிப்பவரின் செயல் சொற்றொடரில் நின்றுவிடுவதில்லை, அச்சொற்றொடர் சுட்டும் உண்மையிலேயே சென்று முடிகின்றது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கின்றார். அந்த ஆச்சியின் சொற்கள் அவரைத் தாம் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டன. கரையேறியவரிடம் அவர் ஏறிவந்த தோணியைக் குறைகூறுவது அறமாகாது. ஆனால் பேரன் இன்னும் ஆற்றைக் கடக்கவில்லை. அவனுக்கு ஓட்டைத் தோணியைத் தந்துவிட்டு, 'இது பரம்பரைத் தோணி' என்று பெருமை பேசுவதும் அறமாகாது. இலத்தீனில் 'ஓஸ்' என்னும் சொல்லுக்கு வாய், எலும்பு என இரு பொருள் தோன்றியதால், மக்கள் மயங்காதிருக்க எலும்பை 'ஓஸ்ஸும்' என்று கொச்சையாகவே சொல்லலாம் என்றார் புனித அகுஸ்தினார். இலக்கணப் புலமை மிக்க அவர், கேட்பவருக்குப் பொருள் சென்று சேர்வதையே பெரிதாகக் கருதினார். விசுவாசக் கருவூலம் ஒன்று, அதனைச் சொல்லும் முறை வேறொன்று என்று 23-ஆம் அருளப்பர் 1962-இல் பொதுச்சங்கத்தைத் தொடங்கிவைத்தபோது நினைவூட்டியதும் இதுவே.

எனவே மூத்தோரை அவர்கள் சொல்லால் செபிக்க விட வேண்டும். இளையோருக்கு விளங்கும் சொல்லைத் தர வேண்டும். இவ்விரண்டோடு முடிந்துவிடாமல், இருவரையும் பேசவைக்க வேண்டும். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732-இல் இயற்றிய சதுரகராதியின் ஒரு பகுதியை, ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுக்கவே ஒதுக்கினார். வேற்று நாட்டிலிருந்து வந்த அவர், தெரிந்த சொல்லையும் தெரியாததாகவே எண்ணி வினவினார். அப்பணிவு நமக்கும் வேண்டும். வள்ளுவர் மெல்ல என்னும் பொருளில் வழங்கிய 'பைய' என்னும் சொல்லை நம் நெல்லைச் சீமையின் கிராமத்து மூத்தோர் இன்றும் அப்பொருளிலேயே பேசுகின்றனர். படித்தோர் அதனைக் கொச்சை என்பர். எது பழமை, எது பிழை என்று தீர்ப்பிடுமுன், "நீங்கள் சொல்லும்போது இதற்கு என்ன பொருள்?" என்று கேட்பது பிறரன்பின் ஒரு வடிவமே. பழைய நூலைப் படிக்கும்போது மட்டுமன்று, தந்தையும் மகனும், மாமியும் மருமகளும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு பொருள் கொண்டு மனம் முறியும் வீடுகளிலும் இக்கேள்விக்கு இடமுண்டு.

சொற்களை மாற்றிவிட்டதால் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. தேவசிநேகம் என்ற இடத்தில் அன்பு என்று சொல்கிறோம். தெளிவான, இனிய சொல். ஆனால் தருமத்தையும் சேரிட்டியையும் குறுகச் செய்த அதே கைகள்தாம் இப்போது அன்பு என்னும் சொல்லையும் ஏந்தியிருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் பேரப்பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டு எதனை நினைப்பர் என்பது அகராதி எழுதுவோரின் கையில் இல்லை. அச்சொல்லைச் சொல்லிக்கொண்டு நாம் எப்படி வாழ்கிறோம் என்பதைப் பார்த்தே அவர்கள் அதன் பொருளைக் கற்றுக்கொள்வார்கள்.